முழங்கால்

அந்தப் பொன்விழா மலரை ஹஜ்ரத் கையில் கொடுத்தது நான்தான். யாரும் கோள் மூட்டவில்லை, யாரும் திருட்டுத்தனமாக எடுத்துப் போய்க் காட்டவில்லை. தபாலில் வந்த உறையை என் கையாலேயே பிரித்து, "எடுத்துட்டுப் போய் நிதானமா பாருங்க ஹஜ்ரத், அவர் போட்டோ நல்லா வந்திருக்கு" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன். ஒரு போதகரின் மனைவி சொல்லக்கூடிய வார்த்தை இல்லை இது. வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

எங்களை இங்கே அனுப்பிய மிஷன் சங்கத்துக்கு ஐம்பது வயதாகிவிட்டது. அதற்காக ஒரு மலர் போட்டார்கள். போன வருஷம் இறந்துபோன என் வீட்டுக்காரருக்கு அதில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். முதல் பக்கம் முழுக்க அவருடைய போட்டோ. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலரைக் கொஞ்சம் சரி பண்ணிவிட்டு எடுத்திருக்கலாம் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது. மூடி வைத்துவிட்டேன். இரண்டாவது பக்கத்தைத் திருப்பவே இல்லை.

நாங்கள் என்ன ஊழியம் செய்தோம் என்று சபைக்காரர்களுக்கு விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். மற்ற மிஷனரிகள் ஆஸ்பத்திரி நடத்துவார்கள், பள்ளிக்கூடம் நடத்துவார்கள், தெருவில் நின்று பிரசங்கம் செய்வார்கள். நாங்கள் அகராதி எழுதினோம். வேதம், தூதர், நோன்பு, ஆவி, பாவம், மன்னிப்பு என்று முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள், ஆனால் ஒரே அர்த்தத்தில் சொல்வதில்லை. பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது என்பது என் வீட்டுக்காரரின் கட்சி. ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை. அட்டையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு இடது பக்கம் அந்தச் சொல்லுக்குக் கிறிஸ்தவர்கள் கொள்ளும் பொருள், வலது பக்கம் முஸ்லிம்கள் கொள்ளும் பொருள்.

இதில் ஒரு விதி வைத்திருந்தார்கள். கிறிஸ்தவப் பொருளை ஹஜ்ரத் எழுதவேண்டும். முஸ்லிம் பொருளை என் வீட்டுக்காரர் எழுதவேண்டும். ஆமாம், மாற்றித்தான். எழுதி முடித்ததும் அட்டை கை மாறும். வாங்கிப் படித்தவர், "ஆமா, இது நாங்கதான்" என்று சொன்னால் மூலையில் கையெழுத்துப் போடுவார். சொல்லவில்லையென்றால் அட்டை திரும்பிப் போகும். 'ஆவி' பதினோரு தடவை போய் வந்தது. 'மன்னிப்பு' ஒரு வருஷத்தை விழுங்கியது. விடுமுறைக்குப் போகும்போது சபையில் யாராவது, "எத்தனை ஆத்துமா ஐயா?" என்று கேட்பார்கள். இவர் முகத்தில் ஈயாடாது. "ஆயிரத்து நானூறு அட்டை" என்பார். கேட்டவர் அடுத்த ஞாயிறு வேறு மிஷனரியைக் கூப்பிடுவார்.

ஹஜ்ரத் என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடும் அந்த முஸ்லிம் அறிஞர், ஒரு கல்லூரியில் அரபு மொழிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நாலு வயது இளையவர். என்னை அக்கா என்பார், என் வீட்டுக்காரரைப் பாதிரியாரே என்பார். பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் காலை பத்து மணிக்கு எங்கள் மாடிப்படி ஏறினார். கீழே ஜெராக்ஸ் கடை, மேலே நாங்கள். முன்னறைதான் நூலகம். பின்னால் இருந்த இரண்டு அறைகள் வீடு. கீழே மெஷின் ஓடினால் மேலே அட்டைப் பெட்டிகள் லேசாக உதறும். நான் டைப் அடிப்பேன், அடுக்கிவைப்பேன், டீ போடுவேன்.

இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, எங்களுக்காக ஜெபிக்கிறவர்களுக்குக் கடிதம் எழுதவேண்டும். இவருக்கு அது வராது. உட்கார்ந்தால் இரண்டு பக்கத்துக்கு அடிக்குறிப்போடு எழுதுவார். அதனால் அகராதியை அவர்கள் எழுதினார்கள், ஜெபக் கடிதத்தை நான் எழுதினேன். கையெழுத்து மட்டும் அவருடையது.

இவர் இறந்த பிறகு வந்த முதல் செவ்வாய், ஹஜ்ரத் வரமாட்டார் என்று நினைத்தேன். பத்து மணிக்குச் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. உட்கார்ந்தார், வெறும் அட்டை ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார். "அக்கா, இனிமே வலது பக்கம் நீங்கதான் எழுதணும். எல்லா அட்டையையும் டைப் அடிச்சது நீங்க. உங்களைவிட எங்களைத் தெரிஞ்ச கிறிஸ்தவங்க இந்த ஊர்ல யாரு?" என்றார். நான் எழுதினேன். முதல் அட்டை நாலு தடவை திரும்பி வந்தது. துக்க வீடாயிற்றே என்று சலுகை காட்டும் ஆள் இல்லை அவர்.

ஆனால் நான் செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்தது அட்டைக்காக அல்ல. பதினொரு மணிக்கு டீ குடிக்கும்போது ஹஜ்ரத் என் வீட்டுக்காரரைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்வார். வாரம் ஒரு கதை. ஒரு கருத்தரங்கில் யாரோ கேள்வி கேட்க, இவர் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம். கூட்டம் முடிந்து விளக்கை அணைத்துவிட்டார்கள். கேள்வி கேட்டவரும் போய்விட்டார். ஹஜ்ரத் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தாராம், அந்தப் பதிலையாவது ஒருத்தர் கேட்டுக்கொள்ளட்டும் என்று. இந்தக் கதை எனக்குத் தெரியாது. பஸ் பிடித்து வந்தவர் என்னிடம் சொல்லவே இல்லை.

அவரைப் பற்றிப் பேச எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கதவைப் பூட்டினியா. அப்பா என்று எடுத்தால் அழுதுவிடுவாள், அதனால் நான் எடுப்பதில்லை. சபையில் கேட்டால், மகிமையில் இருக்கிறார் என்பார்கள். இருக்கட்டும். எனக்கு வேண்டியது மகிமையில் இருப்பவர் அல்ல. பஸ் பிடித்துப் புத்தகம் பார்க்க வந்தவர்தான் வேண்டும். அவர் ஹஜ்ரத்திடம் மட்டும்தான் மிச்சம் இருந்தார்.

மலரைக் கொடுத்த அடுத்த செவ்வாய் ஹஜ்ரத் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். நாங்கள் அப்போது 'ம' வரிசையில் இருந்தோம். இரண்டு அட்டை எழுதினார். என்னுடையதில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். பதினொரு மணிக்கு டீ குடித்தார். கதை வரவில்லை.

நானே தூண்டில் போட்டேன். "இந்தச் சொல்லுக்கு அவர் இருந்தா என்ன சொல்லியிருப்பார் ஹஜ்ரத்?"

"தெரியலக்கா."

பன்னிரண்டு மணிக்கு எழுந்தார். பையிலிருந்து மலரை எடுத்து மேஜையில் குப்புற வைத்துவிட்டுப் போனார். அவர் தெருவில் இறங்கிப் போவதைப் பார்த்துவிட்டு வந்து இரண்டாவது பக்கத்தைத் திருப்பினேன்.

'முழங்காலில் நின்ற அறிஞர்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதன் கீழே, போதகர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய கடிதத்திலிருந்து என்று போட்டு, இப்படி அச்சடித்திருந்தது: "எங்களோடு பணியாற்றும் இஸ்லாமிய அறிஞர் ஒருவர், மனைவியை இழந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் அறையில் முழங்காலில் நின்று கண்ணீர் விட்டார். அவருக்காகத் தொடர்ந்து ஜெபியுங்கள்." பக்கத்திலேயே அகராதிக் குழுவின் போட்டோ. தொப்பியோடு நிற்பவர் ஒரே ஒருவர்தான். பெயர் போடவேண்டிய அவசியமே இல்லை.

நான் எழுதியது. ஒரு கமா கூட மாறாமல் நான் எழுதியது.

அன்றைக்கு நடந்தது இதுதான். ஹஜ்ரத்தின் மனைவியை அடக்கம் செய்து மூன்று நாள் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை. நாங்கள் அவரை எதிர்பார்க்கவில்லை. பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தார். இவரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஏதோ ஒரு அட்டை தேவைப்பட்டு ஹஜ்ரத் எழுந்து பெட்டியை இழுத்தார். பெட்டி முழுசாகக் கையோடு வந்து கீழே கொட்டிவிட்டது. தரையெல்லாம் அட்டை. முழங்கால் ஊன்றி ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். நாலைந்து அட்டை பொறுக்கியிருப்பார், அப்படியே குனிந்து அழ ஆரம்பித்துவிட்டார். இவரும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினார். நானும் பொறுக்கினேன். மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசாமல் அரை மணி நேரம் அட்டைகளை வரிசைப்படுத்தினோம். பிறகு ஹஜ்ரத் முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

எங்கள் ஆட்களிடம் 'முழங்காலில் நில்லுங்கள்' என்றால் ஜெபம் பண்ணுங்கள் என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது. காலையில் எத்தனை மணிக்கு முழங்காலில் நிற்பாய் என்றுதான் கேட்போம். ஒரு மிஷனரி வீட்டில் ஒரு முஸ்லிம் முழங்காலில் நின்றார் என்று எழுதினால், வாசிக்கிறவர்கள் அட்டை பொறுக்கினார் என்றா நினைப்பார்கள்? எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். வருஷக்கணக்காகச் சொற்களை நிறுத்துப் பார்த்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதினேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை, சேர்த்துப் படித்தால் பச்சைப் பொய்.

அந்த வருஷம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், அகராதி போதும், இவர்களைத் திருப்பிக் கூப்பிட்டு வேறு வேலை கொடுக்கலாம் என்று பேச்சு இருந்தது. என் கடிதம் போன பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. ஒரு சபையின் பெண்கள் ஐக்கியம் ஹஜ்ரத்துக்காக ஒரு நாள் உபவாசம் இருந்ததாக எழுதியிருந்தார்கள். எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு மறந்துவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறவளுக்கு அது பத்தோடு பதினொன்று.

அடுத்த செவ்வாய் ஹஜ்ரத்தே அந்தப் பேச்சை எடுத்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பாதிரியார் இப்படி எழுதுவார்னு நான் நினைக்கலக்கா. அதுக்கு அப்புறம் பதினோரு வருஷம் இதே மேஜைல எனக்கு எதிர்ல உக்காந்திருக்கார்."

நான் மேஜையில் சிந்தியிருந்த டீயைத் துடைத்தேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. உங்களைச் சங்கடப்படுத்தணும்னு சொல்லல. மருமகன் கைல அந்த புத்தகம் மாட்டிக்கிச்சு. என்ன மாமா இதுன்னு கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல, அதான்."

அவர் போன பிறகு பாத்திரம் கழுவினேன். கழுவின கோப்பையையே மறுபடி கழுவினேன். நான்தான் எழுதினேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஹஜ்ரத் இப்போது வருவதே நான் தனியாக இருக்கிறேன், ஒன்றும் அறியாதவள் என்ற இரக்கத்தில்தான். சொல்லிவிட்டால் செவ்வாய்க்கிழமை போய்விடும். செவ்வாயை எடுத்துவிட்டால் என் வாரத்தில் என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை ஏழு நிமிஷப் போன் இருக்கிறது. சொல்லாவிட்டாலோ, பழி செத்துப்போன மனுஷர் தலையில் விழும். அவர்தான் ஒன்றும் மறுத்துப் பேசப்போவதில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. இப்படி நினைக்கிற ஆளா நான் என்று எனக்கே பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு செவ்வாய் ஓட்டினேன். ஹஜ்ரத் வந்தார், எழுதினார், போனார். பாதிரியார் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. இவருடைய நாற்காலிமேல் பையை வைக்க ஆரம்பித்தார். முன்பு வைக்கமாட்டார்.

மூன்றாவது செவ்வாய், எழுந்திருக்கும் நேரத்தில் சொன்னார். "அக்கா, பழைய அட்டைங்களை எல்லாம் ஒரு தடவை திரும்பப் பார்த்துடலாம்னு நினைக்கிறேன்."

"எதை ஹஜ்ரத்?"

"வலது பக்கம். பாதிரியார் எழுதினது எல்லாம். அப்ப நான் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். ஆனா அவர் எதை மனசுல வச்சு எழுதினாரோ. சில சொல் நேராப் பார்த்தா ஒண்ணாவும், கொஞ்சம் தள்ளி நின்னு பார்த்தா வேறயாவும் இருக்கும்ல."

ஆயிரத்து நானூறு அட்டை. 'ஆவி'யைப் பதினோரு தடவையும் முகம் சுளிக்காமல் திருத்தி எழுதியவர். மற்றவனைப் பற்றி அவனே ஒப்புக்கொள்ளாத ஒரு வாக்கியத்தை எழுதக்கூடாது என்பதைத் தவிர வேறு பெரிய பிரசங்கம் எதுவும் செய்யாதவர்.

"உக்காருங்க ஹஜ்ரத்" என்றேன். "அந்தக் கடிதத்தை அவர் எழுதல. நான் எழுதினேன்."

அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"எல்லா ஜெபக் கடிதமும் நான்தான் எழுதுவேன். அவர் பேர்ல போகும். முழங்கால்னு போட்டா எங்க ஆளுங்க எப்படிப் புரிஞ்சுக்குவாங்கன்னு தெரிஞ்சேதான் போட்டேன். எங்களைத் திருப்பிக் கூப்பிடறதா இருந்தாங்க. எனக்குப் போக மனசில்ல."

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடி நின்றது. ஹஜ்ரத் மெதுவாக உட்கார்ந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவர் அதைப் படிச்சாரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்கு என் வீட்டுக்காரர் முழுசாகத் திரும்பிக் கிடைத்திருப்பார். பழி முழுக்க எனக்கு. அதற்குத்தானே வாயைத் திறந்தேன். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இனியும் இந்த ஆளைப் பற்றியோ இந்த ஆளிடமோ ஒரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"படிச்சார்" என்றேன். "முழங்கால்னு போட்டா வேற மாதிரி எடுத்துக்குவாங்களேன்னு கேட்டார். பொய்யா, நீங்களே பார்த்தீங்கல்லன்னு நான் சண்டைக்குப் போனேன். பேனாவ மூடி வச்சுட்டார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்."

ஹஜ்ரத் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் ஏன் இங்க வந்தேன் தெரியுமாக்கா? வீடு பூரா ஆளுங்க. வர்றவங்க எல்லாம் பொறுமையா இருங்க, இது இறைவனோட நாட்டம்னு சொல்லிட்டே இருந்தாங்க. தப்பில்ல, நானும் ஊருக்கெல்லாம் அதைத்தான் சொல்லியிருக்கேன். ஆனா அன்னைக்கு என்னால கேக்க முடியல. அவ சாவுக்கு யாரும் அர்த்தம் சொல்லாத ஒரு இடம் வேணும்னு தேடி வந்தேன். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லல. கூட உக்காந்து அட்டை பொறுக்கினீங்க. அதுக்காக இத்தனை வருஷமா உங்களுக்கு துஆ செஞ்சிட்டு இருக்கேன்."

"மன்னிச்சிடுங்க ஹஜ்ரத்..."

"நீங்க எனக்காக ஜெபம் பண்ணினது எனக்குப் பிரச்சனையே இல்ல. பண்ணுவீங்கன்னு தெரியும். நானும் உங்களுக்கு நேர்வழி கிடைக்கணும்னு கேக்கிறேன், அதை நீங்களும் தெரிஞ்சுதான் இருப்பீங்க. ஆனா நான் அழுதது என் பொண்டாட்டிக்கு. அதைப் போய் எடுத்துக் குடுத்துட்டீங்களே."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்றைய அட்டைகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி, மேஜையின் நடுவில் வைத்துவிட்டு எழுந்தார். வாசல்வரை கூடப் போனேன். செருப்பைப் போட்டுக்கொண்டு, "வர்றேன்" என்று வழக்கம்போலச் சொன்னார். அது வழக்கத்துக்குச் சொன்னது என்று படியில் அவர் கால் வைக்கும்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த செவ்வாய் பத்து மணிக்கு டீக்குத் தண்ணீர் வைத்தேன். பத்தரைக்கு அடுப்பை அணைத்தேன். ஜன்னலோரம் நின்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்தேன். மூன்று பஸ் வந்து போனது. பிறகு இவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவர் இறந்த பிறகு அன்றுதான் அதில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து அழுதேன். யாருக்காக அழுதேன் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

புதன்கிழமை தபாலில் ஒரு கனமான உறை வந்தது. உள்ளே பன்னிரண்டு அட்டை. இடது பக்கம் அவர் எழுதியிருந்தார், வலது பக்கம் எனக்காகக் காலியாக விட்டிருந்தார். வேறு கடிதம் இல்லை. உறையை உதறிக்கூடப் பார்த்தேன். நான் எழுதி அனுப்பினேன். ஒன்பது அட்டை கையெழுத்தோடு வந்தது, மூன்று திருத்தத்தோடு வந்தது. திருத்தங்கள் எல்லாம் நியாயமானவை. பழைய அட்டைகளைப் பற்றி அவர் அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் எழுதிய ஆயிரத்து நானூறும் பெட்டியில் அப்படியே இருக்கின்றன. அந்த மட்டில் இவரைச் சந்தேகிப்பதை ஹஜ்ரத் விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு நான் ஜெபக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். திருத்தம் எழுத.

திருத்தம் அச்சில் வரவேண்டும் என்று சங்கத்தின் செயலாளருக்கு முதலில் போன் பண்ணிச் சொன்னேன். நல்ல மனுஷர்தான், ஆனால் பதறிவிட்டார். "இப்ப எதுக்கம்மா இதெல்லாம்? எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் படிச்சுட்டு கண்ணீர் விட்டாங்க தெரியுமா? ஐயா பேருக்கில்ல கெட்ட பேரு."

"ஐயா பேர்ல நான் எழுதினதுக்கு ஐயா பேர் ஏன் கெடணும்? என் பேரைப் போடுங்க."

"கமிட்டில கேக்கணும்மா."

"கேளுங்க. நீங்க போடலன்னா நானே எல்லாருக்கும் தனித்தனியா தபால்ல அனுப்புவேன். விலாசம் எல்லாம் என்கிட்டதான் இருக்கு. டைப் அடிக்கிறதுதான் என் வேலையே."

போடுகிறோம் என்றார்.

நாலு நாள் எழுதினேன். சின்னக் கடிதம்தான். எழுதியதையெல்லாம் கிழித்தேன், அழகாக வந்துவிட்டால் கிழித்தேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கணவர் பெயரில் வந்த கடிதத்தை எழுதியவள் நான். எங்கள் நண்பர் அன்று எங்கள் அறையில் ஜெபிக்கவில்லை. கீழே கொட்டிய அட்டைகளைப் பொறுக்குவதற்காக முழங்கால் ஊன்றினார். அவர் அழுதது மூன்று நாளுக்கு முன் இறந்த தன் மனைவிக்காக. அவர் அன்றும் இன்றும் தன் மார்க்கத்தில் உறுதியாக இருக்கிறார். வாசிக்கிறவர்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று தெரிந்தே அப்படி எழுதினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். உங்களிடமும் கேட்கிறேன்."

அனுப்புவதற்கு முன் அவர் பார்க்கவேண்டும். அவரைப் பற்றிய வாக்கியம், அவர் ஒப்புக்கொள்ளாமல் ஒரு எழுத்து இந்த வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. முன்பு ஒரு தடவை போனது போதும். அந்த வாரத்து அட்டைகளோடு கடிதத்தையும் வைத்துத் தபாலில் போட்டேன்.

எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளில் என்னவெல்லாம் நினைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அவரே நேரில் எடுத்துக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். மாடிப்படியைக் கழுவிவிட்டேன். சர்க்கரை குறைவாகப் போடும் அவருடைய டீக்குத் தூள் புதிதாக வாங்கினேன். கடிதத்தைப் படித்தால் மனம் இளகாதா என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்திலேயே, மறுபடியும் ஆள் மனதை அசைக்கத்தான் எழுதினாயா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

உறை தபாலில்தான் வந்தது. மேலே அட்டைகள், அடியில் என் கடிதம். நாலாக மடித்திருந்தார். பிரித்தேன். ஓரத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. ஒப்புக்கொண்டுவிட்டார்.

பிறகுதான் பார்த்தேன், ஒரே ஒரு திருத்தம் இருந்தது. இரண்டாவது வரியில், 'எங்கள் நண்பர்' என்று நான் எழுதியிருந்த இடத்தில், 'நண்பர்' என்ற சொல்லை ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். அதற்கு மேலே, சின்னச் சின்ன எழுத்தில், ஒவ்வொன்றும் தெளிவாக, 'உடன் ஆசிரியர்' என்று எழுதியிருந்தார்.

போன் பக்கத்தில் போய் நின்றேன். எண் மனப்பாடம். அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள் ஹஜ்ரத் என்று கேட்கலாம். கேட்டால் ஒருவேளை விட்டிருப்பார், இரக்கமுள்ள மனுஷர். ஆனால் அவர் எங்களுக்கு யார் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டியது அவர்தான். நான் எழுதியது தவறு என்கிறார்.

திரும்பி வந்து டைப்ரைட்டரில் புதுத் தாள் சொருகினேன். அவர் திருத்தியபடியே அடித்தேன்.